அத்தை ஓரம் தள்ளும் கவர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். பெங்களூரில் ஒரு பெரிய உணவு நிறுவனத்தின் நூடுல்ஸ் தொழிற்சாலையில், எரிசக்திச் சேமிப்புப் பிரிவில் இன்ஜினியராக இருக்கிறேன். பாய்லர் எரிபொருளைக் குறைத்தோம், ஆலைக் கழிவு எதுவும் குப்பைமேட்டுக்குப் போகவில்லை என்று ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறார்கள். விற்ற பிளாஸ்டிக் முழுவதையும் திரும்பச் சேகரித்ததாகவும் அதில் இருக்கிறது. ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் அத்தை உலர் கழிவு மையத்தில் தரம் பிரிக்கிறார். அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "உங்க கம்பெனி கவரை நாங்க ஓரமாத் தள்ளிடுவோமே, அதை யாரு எடுத்தாங்களாம்?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. எல்லாமே கண்துடைப்பு என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். என் வேலைக்கு அர்த்தம் உண்டா?

எம்., யஷ்வந்த்பூர்

அன்புள்ள எம்.,

உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பீன்யாவில் நான் வேலை பார்த்த உணவுத் தொழிற்சாலையில், நீராவி தன் வேலையை முடித்துவிட்டுச் சுடுநீராகத் திரும்புமே, அந்தக் கண்டென்சேட்டை அப்படியே கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தோம். டிசம்பர் காலையில் ஷிஃப்டுக்குப் போனால் மதில் ஓரம் முழுக்க ஆவி பறக்கும். கூலிக்கு வந்த பெண்கள் அதில் கை காட்டிக் குளிர் காய்வார்கள். காசு கொடுத்து எரித்த எண்ணெயின் சூடு அது. பாய்லருக்குள் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூட்டோடு போனால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சமாகும். திருப்பி அனுப்ப வேண்டியது ஒரு தொட்டி, ஒரு பம்பு, சூடு தாங்க உறை போட்ட ஒரு குழாய். மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். எண்ணெய் விலை ஏறிய பிறகுதான் அசைந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மதிலுக்குள் நடக்கும் சேமிப்பைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. மிச்சமாகிற ஒவ்வொரு லிட்டரும் கம்பெனி லாபத்தில் சேர்கிறது. அதனால் அது நிஜமாகவே நடக்கும். உடைந்த நூடுல்ஸ் மாட்டுத் தீவனத்துக்குப் போகும், அட்டைப்பெட்டியும் டிரம்மும் எடைக்குப் போகும். ஆலைக்குள் சேரும் கழிவு ஒரே ரகமாக, சுத்தமாக, குவியலாக இருப்பதால் வாங்க ஆள் வருகிறது. நீங்களும் அதில் இன்னும் போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு ஆலைக்குள் நடந்து பாருங்கள். எங்கெங்கே 'உஸ்' என்று கேட்கிறதோ அங்கெல்லாம் அழுத்தக் காற்று கசிகிறது, அதோடு கரன்ட் காசும் போகிறது.

சிக்கல் ஆலை வாசலுக்கு வெளியேதான்.

அத்தையின் மையத்துக்கு ஒரு நாள் காலையில் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பால் கவர் தனியாகப் போகும், தண்ணீர் பாட்டில் தனியாகப் போகும். நூடுல்ஸ் மசாலா பாக்கெட் வந்தால் கை நிற்காது. கசக்கினால் மொடமொடவென்று சத்தம், விட்டால் திரும்ப விரிந்துகொள்ளும், உள்ளே வெள்ளிப் பூச்சு, மூலையில் ஒட்டிய மஞ்சள் பொடி. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்குகள் அவை. ஈரமும் காற்றும் புகாமல் மசாலா மாதக்கணக்கில் மணமாக இருப்பது அந்த அடுக்குகளால்தான். அதே அடுக்குகளால்தான் அதை உருக்கி இன்னொரு பொருளாக்குவது எளிதில் முடிவதில்லை. எடையும் கிடையாது. காலி மசாலா பாக்கெட் ஒரு கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ சேர ஆயிரம் பொறுக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் என்றால் ஐம்பது எடுத்தாலே ஒரு கிலோவை நெருங்கிவிடும். பழைய சாமான் வாங்கும் குஜரிக் கடையில் நல்ல விலையும் கிடைக்கும். அத்தை ஓரம் தள்ளுவதில் என்ன தப்பு?

அப்படியென்றால் அறிக்கை பொய்யா? பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளில், 2022 பிப்ரவரியில் சேர்த்த வழிமுறைகளின்படி, உங்கள் கம்பெனி தன் கவரையேதான் எடுக்க வேண்டும் என்று இல்லை. அதே வகைப் பிளாஸ்டிக்கை வேறு எங்கோ, வேறு யாரோ கையாண்டதற்கான சான்றிதழை வாங்கிக் கணக்கு நேர் செய்யலாம். 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது இந்தச் சான்றிதழ்களில் லட்சக்கணக்கானவை போலி என்று தெரியவந்தது. உங்கள் கம்பெனியுடையது அப்படி என்று சொல்லவில்லை. நிஜச் சான்றிதழே என்றாலும், அது அத்தையின் மேஜைக்கு வந்த கவர் அல்ல.

இன்னொன்று. அடுக்குக் கவர்களில் நிறைய சிமென்ட் ஆலைச் சூளைக்குத்தான் போகின்றன. நிலக்கரிக்குப் பதிலாக எரிகின்றன. தெருவோரம் கொளுத்துவதற்கும் ஏரியில் அடைவதற்கும் இது எவ்வளவோ மேல், எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் எரித்ததை மறுசுழற்சி என்று எழுதக் கூடாது. விதிகளே இரண்டையும் தனித்தனியாகத்தான் பிரித்து வைத்திருக்கின்றன. உங்கள் அறிக்கையில் இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால், பிரித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். இன்ஜினியர் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

2012-இல் பெங்களூர்க் குப்பை போய்ச் சேர்ந்த மாவள்ளிபுரா கிடங்கை மூடியபோது இந்த ஊர் தெருத்தெருவாக நாறியதை நான் பார்த்தேன். அப்போது ஊரைத் தாங்கியவர்கள் உங்கள் அத்தையைப் போன்றவர்கள், பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுக்கு அடுக்குக் கவருக்கு என்று கிலோ விலை ஒன்றைக் கம்பெனி நேரடியாகக் கொடுத்தால் போதும், மறுநாளே அது ஓரம் போகாது. கூடவே பேக்கேஜிங் பிரிவில் உட்கார்ந்து பேசுங்கள். மசாலாவுக்கு அலுமினியம் வேண்டியிருக்கலாம், வெளிக் கவருக்கும் வேண்டுமா? அதை ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்ய முடிந்தால் உருக்கலாம்.

உங்கள் லேபில் துல்லியத் தராசு இருக்கும். நூறு காலி மசாலா பாக்கெட்டை நிறுத்துப் பாருங்கள். அத்தையின் ஒரு நாள் கூலி எவ்வளவு, ஒரு மணி நேரத்தில் எத்தனை பாக்கெட் அவர் கையால் ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிலோவுக்கு எத்தனை ரூபாய் கொடுத்தால் அவருக்குக் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணை உங்கள் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒரு நகல்.