எல்லை தாண்டும் வண்டி: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கார் பற்றியவை. கோடை வந்தால் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு வீடு மாற்றுபவர்கள் அதிகம் என்பதால் இருக்கலாம். நானும் அப்படி வந்தவள்தான். அதனால் முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. எச்1பி விசாவில் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. கிரீன் கார்டு வரிசை நகரவில்லை, கனடா பிஆர் (நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) கிடைத்துவிட்டது. ஜூலையில் மிசிசாகா போகிறோம். எங்களிடம் 2017 சிஆர்-வி இருக்கிறது. லோன் இன்னும் ஏழு மாதம் பாக்கி. விற்றுவிட்டு வரச் சொல்கிறார் மச்சான். எனக்கு மனசு வரவில்லை. நாங்களே ஓட்டிக்கொண்டு போய்விடலாமா? வரி எவ்வளவு வரும்? (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: ஓட்டிக்கொண்டே வரலாம் தம்பி. நாங்கள் 2019 ஆகஸ்டில் பஃபலோ பக்கம் பீஸ் பிரிட்ஜ் வழியாக எங்கள் 2014 ஒடிஸியில் அப்படித்தான் வந்தோம். வரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குடியேற வருபவர், கனடாவுக்குள் வருவதற்கு முன்பே அந்த வண்டி தன் பெயரில் இருந்து, தன் கையில் இருந்து, தானே ஓட்டியும் இருந்தால், அதற்குச் சுங்க வரியும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை. வீட்டுச் சாமான்களுக்கு என்ன சலுகையோ அதேதான் காருக்கும்.

ஆனால் அந்தச் சலுகை ஒரு பட்டியலைப் பிடித்துத்தான் நிற்கிறது. நம் ஆட்கள் பலர் முதலில் ஒரு நாள் போய் பிஆரை லேண்ட் செய்துவிட்டு, அதாவது எல்லையில் குடியேறியவராகப் பதிந்துவிட்டு, திரும்பி வருவார்கள், பிறகு ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துத்தான் வீட்டை மாற்றுவார்கள். நீங்களும் அப்படி யோசித்திருந்தால் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். லேண்ட் ஆகும் அன்றே, பின்னால் வரப்போகும் சாமான் பட்டியலில் காரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம், மாடல், ஆண்டு, வண்டியின் அடையாள எண்ணான விஐஎன் நம்பர், உத்தேச மதிப்பு எல்லாம் அதில் இருக்கட்டும்.

நாங்கள் 2018 நவம்பரில் நயாகராவில் காரை அமெரிக்கப் பக்கம் நிறுத்திவிட்டு ரெயின்போ பிரிட்ஜில் நடந்தே போய் லேண்ட் ஆனோம். முந்தின நாள் ராத்திரி ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். கிரைண்டர், குத்துவிளக்கு இரண்டு, என் நகைகள் ஒவ்வொன்றும் போட்டோவோடு, பையனின் கீபோர்டு என்று போனது. வீட்டுக்காரர், "கார் நம்மகூடத்தானே இருக்கு, அதை எதுக்கு எழுதறே" என்றார். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை, கடைசி வரியாக எழுதிவிட்டேன். ஒன்பது மாதம் கழித்து, பீஸ் பிரிட்ஜின் கனடாப் பக்கமான ஃபோர்ட் ஈரியில் அதிகாரி அந்தத் தாளை வாங்கி, மேலே இருந்த எதையும் பார்க்காமல் நேரே கடைசி வரிக்குப் போய் விஐஎன் நம்பர் மேல் விரலை வைத்தார். நான் எழுதிய அந்த ஒரு வரி எங்களுக்கு எவ்வளவு பணம் மிச்சப்படுத்தியது என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்து லோன். இங்கேதான் உங்களுக்கு வேலை அதிகம். அமெரிக்காவை விட்டு வண்டி வெளியே போவதும் ஒரு ஏற்றுமதிதான். கனடா சுங்கத்தை மட்டும் நினைத்துக்கொண்டு இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தப் பாலம் வழியாகப் போகிறீர்களோ அந்த இடத்து அமெரிக்கச் சுங்கத்தின் ஏற்றுமதிப் பிரிவுக்கு, கடப்பதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) நகலையும் மற்ற காகிதங்களையும் அனுப்பிவிட வேண்டும். அதோடு ஏஇஎஸ் என்ற இணையப் பதிவு ஒன்று உண்டு. அதை முடித்தால் எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்கும் ஐடிஎன் எண் வரும். அந்தப் பதிவுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் செல்லாது. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் இஐஎன் என்ற எண் எடுக்க வேண்டும், அதற்குக் காசு கிடையாது. இதெல்லாம் தலைவலி என்றால் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கொடுத்துவிடலாம். நாங்களே செய்தோம், ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. அப்புறம், அந்தப் பிரிவின் வேலை நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பாலம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருப்பதால் அந்த அலுவலகமும் திறந்தே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

லோன் பாக்கி இருந்தால், வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சம்மதம் என்று கடன் கொடுத்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அது லேசில் கிடைக்காது. அடமான வண்டி எல்லை தாண்டுவதை யார்தான் விரும்புவார்கள்? ஏழு மாதம்தானே பாக்கி, முடிந்தால் அடைத்துவிடுங்கள். அதையும் இப்போதே செய்யுங்கள். நாங்கள் மே மாதம் கடனை முடித்தோம். டைட்டில் தபாலில் வந்தது. வீட்டுக்காரர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டுவிட்டார். ஜூலைக் கடைசியில் நகல் எடுக்கும்போதுதான் கவனித்தேன், கீழே லீன் (அடமான உரிமை) கட்டத்தில் கடன் கொடுத்தவர் பெயர் அப்படியே இருந்தது. கடன் தீர்ந்தது என்ற கடிதம் தனித் தாளாக உள்ளே மடிந்து கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு மாநில மோட்டார் வாகன அலுவலகத்துக்கு ஓடி, லீன் இல்லாத புது டைட்டில் வாங்கினோம். அதற்குள் சாமான் லாரியின் தேதியைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. உங்கள் டைட்டில் கைக்கு வந்ததும் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, உங்கள் வண்டியைக் கனடா ஏற்குமா என்பது. டிரான்ஸ்போர்ட் கனடா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அமெரிக்காவில் விற்ற எந்தெந்த மாடல் இங்கே வரலாம் என்று. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்டு மாறினால் பதிலும் மாறலாம். 2007 செப்டம்பர் முதல் தேதிக்குப் பின் தயாரான கார்களில் எஞ்சின் இம்மொபிலைசர் இருக்க வேண்டும் என்பது கனடா விதி. சரியான சிப் உள்ள சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாதபடி செய்கிற கருவி அது. அமெரிக்காவில் அது கட்டாயம் இல்லை. அதனால் ஒரே மாடலின் மலிவு வகை மாட்டிக்கொள்வது உண்டு. பகலில் எரியும் முன் விளக்கும் இங்கே கட்டாயம். இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் மச்சானோடு வாதம் செய்ய வேண்டும். பட்டியலில் இல்லை என்றால் மச்சான் சொல்வதுதான் சரி.

பட்டியலில் இருந்தால், தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) எதுவும் பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். அதில் விஐஎன் நம்பரும் தேதியும் இருக்க வேண்டும். ரொம்ப முன்னாலேயே வாங்கி வைக்காதீர்கள், 30 நாளுக்கு மேல் பழசானால் செல்லாது.

பாலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பயம் தெளியும். அமெரிக்கப் பக்கம் ஏற்றுமதி அதிகாரி வெளியே வந்து, எங்கள் விண்ட்ஷீல்டு மூலையில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துவிட்டு உள்ளே தெரியும் நம்பரைப் படித்தார். பின் சீட்டிலிருந்து பையனும் டைட்டிலைப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். பதினேழு எழுத்தும் ஒத்துப்போனதும் டைட்டிலில் ஏற்றுமதி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். பத்து நிமிஷ வேலை. முத்திரை விழுந்த அந்தத் தாள்தான் கனடாவில் உங்கள் உரிமைக்குச் சான்று, பத்திரம். கனடாப் பக்கம் ஃபாரம் 1 என்ற வாகன இறக்குமதிப் படிவத்தை நிரப்பி முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். சாமான் பட்டியலையும் அங்கேயே சரிபார்ப்பார்கள்.

அதன் பிறகு ஆர்ஐவி என்கிற இறக்குமதி வாகனப் பதிவு. கட்டணம் 300 டாலருக்கு மேல், வரி தனி. அந்நாளைய தொகையை அவர்கள் தளத்தில் பாருங்கள். பணத்தைக் கட்டி, ரீகால் கடிதத்தை அனுப்பினால் ஆய்வுப் படிவம் வரும். அதை எடுத்துக்கொண்டு அங்கீகாரம் பெற்ற ஒரு மையத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் இதெல்லாம் முடிய வேண்டும். ஆனால் ஒன்டாரியோ உங்களுக்கு அவ்வளவு நாள் தராது. குடிவந்த 30 நாளுக்குள் மாநில நம்பர் பிளேட் மாற்றச் சொல்கிறது. லைசென்சுக்கு 60 நாள். ஆகவே 30 நாள் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டுக்கு முன்னால் சேஃப்டி சர்டிஃபிகேட்டும் இன்சூரன்சும் வேண்டும்.

இன்சூரன்ஸ் விலை கேட்டு அதிர்ந்து போவீர்கள். கிளம்பும் முன் உங்கள் அமெரிக்க கம்பெனியிடம், இத்தனை வருஷம் இன்சூரன்ஸ் வைத்திருந்தார், இத்தனை க்ளெய்ம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் புதிதாக ஓட்டக் கற்றவர் போல விலை சொல்வார்கள். குளிர்கால டயர் போட்டால் ஒன்டாரியோவில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

ஓடும் வண்டி, கடன் முடிந்த வண்டி, பட்டியலில் உள்ள வண்டி என்றால் கொண்டுவருவதுதான் என் யோசனை. புது ஊரில் முதல் வாரம் பள்ளிக்கூடம், வங்கி, சர்வீஸ் ஒன்டாரியோ அரசு அலுவலகம் என்று அலைய ஒரு வண்டி வாசலில் நிற்பது பெரிய தெம்பு.

கேள்வி: நாங்கள் மிச்சிகனிலிருந்து வின்சர் வருகிறோம். கார் லீஸில் இருக்கிறது. மூன்று வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன். சலுகை உண்டா? (வாசகி, டிராய்)

பதில்: இல்லை அம்மா. எத்தனை வருஷம் ஓட்டினாலும் லீஸ் வண்டி லீஸ் கொடுத்தவருடையது, உங்களுடையது ஆகாது. லீஸை முடித்து வண்டியை வாங்கி, டைட்டில் உங்கள் பெயருக்கு மாறி, அதன் பிறகு கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு லேண்ட் ஆனால் சரி. ஏற்கெனவே லேண்ட் ஆகிவிட்டீர்கள் என்றால் இந்தச் சலுகை கைவிட்டுப் போயிற்று. அப்போது வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே பாருங்கள்.

கேள்வி: சியாட்டிலில் இருந்து சர்ரே போகிறோம். எங்களுடையது ரொம்பப் பழைய கொரோலா. இதற்கும் இத்தனை ஆய்வா? (வாசகர், பெல்வியூ)

பதில்: ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். அந்த மாதத்திலிருந்து 15 வருஷம் தாண்டியிருந்தால் ஆர்ஐவி பதிவே தேவையில்லை, கட்டணமும் இல்லை. அமெரிக்க ஏற்றுமதி வேலை, எல்லையில் ஃபாரம் 1, பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெளிமாகாண வண்டிக்கான ஆய்வு இவை மட்டும் உண்டு. அந்த ஆய்வில் தேறுமா என்று முதலில் ஒரு மெக்கானிக்கிடம் அடியில் துரு பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பதினான்கு வருஷ ஷார்ஜா வாழ்க்கையை முடித்துக்கொண்டு கோயம்புத்தூர் திரும்புகிறேன். என் லேண்ட் க்ரூஸர் ஐந்து வயது, புதுசு மாதிரி இருக்கும். கப்பலில் போட்டுவிடலாமா? (வாசகர், ஷார்ஜா)

பதில்: வேண்டாம் அண்ணா. எவ்வளவு ஆசையாக வைத்திருந்தாலும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து திரும்புபவருக்குக் கிடைக்கும் சாமான் சலுகையில் மோட்டார் வாகனம் சேராது. பயன்படுத்திய கார் இந்தியாவுக்குள் வர, தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். உங்களுடையது ஐந்து வயது, ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த இரண்டிலேயே நின்றுவிடுகிறது. தேறியிருந்தாலும் வரி வண்டியின் விலையையே தாண்டும். அங்கே நல்ல விலைக்கு விற்றுவிடுங்கள். சர்வீஸ் ரசீதுகளை எல்லாம் எடுத்து வைத்தால் வாங்குபவர் பேரம் பேசுவது குறையும்.

கேள்வி: காரோடு டொராண்டோ வந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது மெட்ரோ பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது. காரை விற்கலாமா? (வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: வரியில்லாமல் கொண்டுவந்ததை 12 மாதத்துக்குள் விற்றாலோ யாருக்காவது சும்மா கொடுத்தாலோ, விட்டுக்கொடுத்த வரியைக் கட்டச் சொல்வார்கள். உங்கள் ஃபாரம் 1-இல் முத்திரைத் தேதி இருக்கும். அதிலிருந்து ஒரு வருஷம் எண்ணி, காலண்டரில் குறித்து வையுங்கள். இன்னும் எட்டு மாதம்தான். அதுவரை வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள், குளிரில் சும்மா நின்றால் பேட்டரி போய்விடும்.