ரொறன்ரோவின் ஸ்காபரோவில் புதிதாக ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடை எடுத்திருக்கிறேன். விண்டருக்கு ஷவலும் உப்பும் வாங்கி வைத்தால் போதுமா?

போதாது. ஷவல் வாசலுக்கு. கடையை நாசமாக்குவது சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலேயும் ஓடும் தண்ணீர். "இருபது வருசமா கடை நடத்துறம், ஒண்டும் நடக்கேல்லை" என்று கீழே எழுத வருபவர்கள் தாராளமாக எழுதலாம். பைப் வெடிக்க ஒரு -25 இரவு காணும்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பைப்பை உடைப்பது பெரும்பாலும் அந்தப் பனிக்கட்டி இல்லை. கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் (டப்) நடுவில் அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம்தான். அதனால் உறைந்தது ஓரிடம், வெடித்தது வேறிடமாக இருக்கும். கட்டி இளகினால்தான் வெடிப்பே தெரியவரும், அதுவும் கடை பூட்டியிருக்கிற நேரமாகப் பார்த்து.

ஒக்டோபரில், கடைக்கு வரும் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் மெயின் வால்வைத் தேடிப் பிடித்து ஒருக்கால் மூடித் திறந்து பாருங்கள். பழைய வால்வுகள் இறுகிப்போய்க் கிடக்கும். வேலையாட்கள் எல்லாருக்கும் இடம் தெரிய வேண்டும். வெளிக் குழாயில் ஹோஸைக் கழற்றி, உள்ளே அதற்குரிய வால்வை மூடி, வெளியே திறந்து வடியவிட்டு, திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அது அடுப்புக்குப் பக்கத்தில் 20 காட்டும்போது, பின்சுவர் சிங்க் அலுமாரிக்குள் பூச்சியத்தை நெருங்கியிருக்கும். சமையலறை எக்ஸோஸ்ட் ஓடும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கதவு இடுக்குக்குப் பக்கத்தில் உள்ள பைப்புக்கு அந்தக் காற்றுதான் எமன். மிகக் குறைந்த வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் தெர்மோமீட்டர் ஒன்றை அந்த அலுமாரிக்குள் போடுங்கள். கடும் குளிர் இரவில் அலுமாரிக் கதவைத் திறந்தே விடுங்கள்.

தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர், பைப்பில் எப்போதும் தண்ணீர் நிற்கும் முறை என்றால் அது போகும் இடமெல்லாம் குறைந்தது 4 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஹீட் மிச்சம் பிடிக்க சீலிங் டைலின் மேல் இன்சுலேஷனை விரித்து வைப்பவர்கள் உண்டு. கீழிருந்து சூடு ஏறாமல் மேலே உள்ள பைப் உறைந்துபோகும். இன்சுலேஷன் பைப்புக்கு மேலே, கூரைப் பக்கம் வர வேண்டும்.

வோக்-இன் கூலரின் (ஆள் உள்ளே போகும் குளிர் அறை) சூட்டை வெளியே விடும் கண்டென்சர் கூரையில் இருந்தால், வெளிக்குளிரில் அழுத்தம் விழுந்து, உள்ளே குளிராமல் போகலாம். வெளியே -20, உள்ளே இறைச்சி கெடுகிறது! ஃபேன் கட்டுப்பாட்டையும் கம்பிரசர் எண்ணெயைச் சூடாக வைக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டரையும் குளிர் தொடங்க முன்னமே பார்க்கச் சொல்லுங்கள்.

உப்பைப் பற்றி: சாதாரண உப்பு -10க்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது. கல்சியம் குளோரைட் ஒரு வாளி தனியாக வையுங்கள். இங்கே ஒரு வயிற்றெரிச்சல். பல ஸ்னோ அகற்றும் ஒப்பந்தங்களில் 5 செ.மீ. ஸ்னோ விழுந்தால்தான் வண்டி வரும். விழுந்த இடத்திலேயே உறைந்துபோகும் உறைமழையை எந்த அடிமட்டத்தால் அளப்பது? கண்ணாடி மாதிரி நிலம் கிடக்கும், ஒருவரும் வரமாட்டார்கள், வாடகையோடு பராமரிப்புக் காசு மட்டும் மாதா மாதம் போகும். லீஸில் வாசல் யார் பொறுப்பு என்று வாசியுங்கள். உப்பு போட்ட நேரத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒன்ராறியோவில் ஸ்னோவில் சறுக்கி விழுந்தவர் நட்டஈடு கேட்பதென்றால் பொதுவாக 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்தக் கொப்பிதான்.

கரண்ட்: 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகள் இருண்டன. ஜெனரேட்டரைக் கடைக்குள்ளோ பின்கதவடியிலோ ஓட்ட வேண்டாம், கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். கடையைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய் பக்கச் சுவரில் என்றால், அதன் வாயை ஸ்னோ மூடாமல் பாருங்கள்.

பைப் உறைந்துவிட்டால் முதலில் குழாயைத் திறந்து வையுங்கள். பிறகு குழாய்ப் பக்கமிருந்து பின்னோக்கி ஹெயார் டிரையரால் சூடாக்குங்கள். நெருப்பு கக்கும் டோர்ச் வேண்டவே வேண்டாம். வெடிப்பைக் கண்டால் மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் பிளம்பருக்குப் போன்.