ஒப்பந்த அளவைத் தீர்மானிக்க வேண்டியது நிலமா, நீரா?

கேள்வி: எங்கள் உழவர் குழு 20 ஹெக்டேரில் மக்காச்சோளம் பயிரிட்டு, ஒப்பந்தப்படி ஓர் ஆலைக்கு அனுப்புகிறது. சென்ற பருவத்தில் தண்ணீர் குறைந்ததால் ஒப்புக்கொண்ட அளவைத் தர முடியவில்லை. நீர் நெருக்கடி முன்னறிவிப்புகளைக் கொண்டு விதைப்பு முதல் லாரி ஏற்றுவது வரை திட்டமிட முடியுமா, ஐயா?

பதில்: முடியும். ஆனால், முன்னறிவிப்பு என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வகைத் தகவல்கள் உங்களிடம் வருகின்றன என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். உலக வள நிறுவனத்தின் 'அக்வடக்ட்' வரைபடம், ஒரு வடிநிலத்தில் (ஓர் ஆற்றுக்கு நீர் வந்துசேரும் நிலப்பரப்பில்) கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க நீரோடு ஒப்பிட்டால் அங்குள்ள நீர்த்தேவை எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டுகிறது. அது 40 விழுக்காட்டைத் தாண்டினால் உயர் நெருக்கடி, 80-ஐத் தாண்டினால் மிக உயர் நெருக்கடி. எந்தப் பகுதியை நம்பிப் பல ஆண்டுக் கொள்முதலைத் திட்டமிடலாம் என்று ஆலை முடிவு செய்ய அது பயன்படும். இந்தப் பருவத்தில் உங்கள் கிணறு எவ்வளவு கொடுக்கும் என்பதை அது சொல்லாது. பருவகால மழை முன்னறிவிப்போ வாய்ப்பாகவே தரப்படுகிறது. இயல்பைவிடக் குறைவாகப் பெய்ய 40 விழுக்காடு வாய்ப்பு என்றால், அவ்வாறு நேராமலிருக்க 60 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதை நம்பி விதைப்பைக் கைவிடுவது தவறு. அதைப் புறக்கணித்து முழு நிலத்துக்கும் ஒப்பந்தம் போடுவது அதைவிடப் பெரிய தவறு.

ஆகவே ஒப்பந்த அளவை நிலப்பரப்பிலிருந்து கணக்கிடாமல், கையிருப்பு நீரிலிருந்து கணக்கிடுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எடுத்துக்காட்டாக, பயிருக்கு 500 மி.மீ. நீர் தேவை என்றும், மண்ணின் ஈரமும் வறண்ட ஆண்டிலும் தவறாத மழையும் சேர்ந்து அதில் 200 மி.மீ. தரும் என்றும் கொள்வோம். மீதி 300 மி.மீ. என்பது ஹெக்டேருக்கு 3,000 கன மீட்டர். பாய்ச்சும் நீரில் கால்பங்கு வீணாகும் என்றால் 4,000 கன மீட்டர் தேவைப்படும். உங்கள் நீர்த்தேக்கத்தில் உறுதியாக இருப்பது 60,000 கன மீட்டர் என்றால், 15 ஹெக்டேரின் விளைச்சலுக்கு மட்டுமே உறுதி கொடுங்கள். மீதி 5 ஹெக்டேரின் விளைச்சலைப் பூக்கும் பருவம் முடிந்தபின் உறுதி செய்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பூக்கும் பருவத்தைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1979-இல் வெளியிட்ட விளைச்சல் குணகங்களின்படி (நீர் குறைந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்று காட்டும் எண்கள்), மக்காச்சோளத்தின் நீர்ப் பயன்பாடு பருவம் முழுவதும் 20 விழுக்காடு குறைந்தால் விளைச்சல் ஏறத்தாழ 25 விழுக்காடு குறையும்; அதே பற்றாக்குறை பூக்கும்போது மட்டும் ஏற்பட்டாலே இழப்பு 30 விழுக்காடாகிறது. ஆண் பூ மகரந்தத்தை உதிர்க்கும் நாட்களில் கதிரின் பட்டிழைகள் வெளிவரத் தாமதமாகி, மணி பிடிக்காமல் போவதே இதற்கு முக்கியக் காரணம். எனவே எல்லா வயல்களும் ஒரே வாரத்தில் பூக்காதபடி விதைப்பைப் பிரித்துச் செய்யுங்கள். நீர் போதாது என்று தெரிந்தால், பூக்கும் நாட்களுக்குரிய பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு பயிரின் மற்ற வளர்ச்சிக் கட்டங்களில் சிக்கனம் செய்யுங்கள்.

பயிர் வளரும்போது செயற்கைக்கோள் படங்கள் துணைபுரியும். சென்டினல்-2 என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் திட்டம் சுமார் 5 நாட்களுக்கு ஒருமுறை படம் தந்தாலும், இலையின் நிறமாற்றம் பாதிப்பைத் தாமதமாகவே காட்டும். இலைத்துளைகள் மூடி இலைப்பரப்பு சூடாவதைக் காட்டும் வெப்பப் படங்கள் முன்னதாகவே எச்சரிக்கும். சிறு வயல்களில் பக்கத்து நிலத்தின் வெப்பமும் அவற்றில் கலந்துவிடுவதால், வேர்மட்டத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறுவடைக்குப் பின் வரும் சிக்கலையும் இப்போதே எண்ணிப் பாருங்கள். வறட்சியும் வெப்பமும் சேர்ந்து தாக்கிய கதிர்களில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு கூடும். எடை சரியாக இருந்தாலும் அந்தச் சரக்கை ஆலை திருப்பி அனுப்பக்கூடும். ஆகவே நெருக்கடிக்குள்ளான வயல்களின் மணிகளைத் தனியாக அறுத்து, விரைவில் உலர்த்தி, நஞ்சுப் பரிசோதனை முடியும்வரை மற்றக் குவியல்களோடு கலக்காமல் வைத்திருங்கள்; லாரிகளை அமர்த்தும் நாளை அந்தப் பரிசோதனை முடிவு வரும் நாளுக்குப் பிறகே குறியுங்கள்.