டிஸ்டோபியா நாவல்களில், அதாவது கெட்ட கனவாகிப்போன சமூகத்தைச் சொல்லும் கதைகளில், வருவதுபோல சமூகம் தனிமனிதனை நிஜமாகவே விழுங்கிவிடுமா?

விழுங்கும். எங்கள் ஊரில் கையில் பணியாரத் தட்டோடு வந்து விழுங்கும்.

காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீட்டுப் பிள்ளை நான். வயது 41, கல்யாணம் ஆகவில்லை. எங்களில் ஆளைத் தலைக்கணக்கில் எண்ணுவதில்லை, புள்ளிக்கணக்குதான். கல்யாணமான தம்பதி சேர்ந்து ஒரு புள்ளி. போன வருஷம் ஊர்க்கோயில் புள்ளி வரிக்கு நோட்டோடு வந்த அண்ணன் முகப்பில் உட்கார்ந்து என் தம்பி பேரை எழுதினார். நானும் பணத்தை நீட்டினேன். “வாங்கிக்கிறேன்ப்பா, எந்தக் கணக்குல எழுதுறது?” என்றார். கிண்டல் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார்.

ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதின் 1920-21இல் எழுதிய ‘நாங்கள்’ நாவலில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். கதை சொல்பவன் டி-503. எல்லாரும் கண்ணாடிச் சுவர் வீடுகளில் இருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. என் அறைக் கதவைத் திறந்தால் வளவு, அதாவது வீட்டின் உள்முற்றம். சுற்றிலும் பங்காளிகளின் கதவுகள். நான் எத்தனை மணிக்கு விளக்கணைத்தேன் என்பது காலைக் காப்பிக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதே வளவில்தான் கல்யாணமான மகனை ‘வேறு வைத்து’ தனி அடுப்பு கொடுப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே நாலைந்து உலை கொதிக்கும். தனியாக இருக்க இடம் உண்டு, ஜோடியாக வந்தால்தான் சாவி!

ஆர்வெலின் ‘1984’ (வெளியானது 1949) என்றால் எல்லாரும், ஊரையே கண்காணிக்கும் தலைவர் ‘பெரியண்ணன்’ போஸ்டரைச் சொல்வார்கள். என்னைப் பயமுறுத்துவது பக்கத்து வீட்டு பார்சன்ஸ். அவர் தூக்கத்தில் கட்சிக்கு எதிராக உளறியதைக் கேட்டுப் பெற்ற மகளே காட்டிக்கொடுக்கிறாள். சிறையில் உட்கார்ந்துகொண்டு அவளை நினைத்துப் பெருமைப்படுகிறார் மனிதர். பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) நாவலிலும், புத்தகம் எரிக்கும் படையின் தலைவரே சொல்கிறார், இது அரசாங்க உத்தரவில் ஆரம்பித்தது இல்லை என்று. வாசிப்பை முதலில் கைவிட்டது மக்கள்தான்.

இந்த நாவல்களில் எனக்கு ஒரு குறை உண்டு. எதிர்த்து நிற்பவனுக்கு இழக்கப் பெரிதாக யாரும் இருப்பதில்லை. எனக்கு டெங்கு வந்தபோது ஒன்பது நாள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் இந்த வளவு ஆச்சிகள்தான். டம்ளரை வாங்கும்போதே ஜாதகத்தையும் கேட்டார்கள், சரி. கஞ்சியைக் குடித்துவிட்டு அவர்களிடம் என்னத்தைப் புரட்சி பேசுவது?

அப்புறம் அந்த வரி விஷயம். அண்ணன் கடைசியில் ‘நன்கொடை’ என்று எழுதி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். படியிறங்கிச் செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்த்து, “தேவகோட்டையில ஒரு இடம் இருக்கு, கேட்டுப் பாக்கட்டுமா?” என்றார்.