நைல் கரையில் யார் மேல், யார் கீழ்?

கேள்வி (ஆசிரியை ஒருவர், தென்காசி): பண்டைய எகிப்தியச் சமூகத்தைப் பாடப்புத்தகங்கள் முக்கோணமாக வரைந்து, உச்சியில் ஃபாரோ என்ற அரசர், அடியில் அடிமைகள் என்று காட்டுகின்றன. நிஜத்திலும் அப்படித்தானா? உழவன் மகன் மேலே வர வழி இருந்ததா?

பதில்: அந்த முக்கோணம் பரீட்சைக்கு உதவும். ஃபாரோ, வசீர் என்ற தலைமை அமைச்சர், பூசாரிகள், எழுத்தர்கள், கைவினைஞர், உழவர் என்று மளமளவென ஒப்பித்துவிடலாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கரும் எகிப்தியரை ஏழு பிரிவாக எழுதி வைத்தார். பன்றி மேய்ப்பவருக்குக்கூட அதில் தனி இடம் உண்டு; நாட்டுக்கே சோறு போட்ட உழவனைக் காணோம்!

என்னைக் கேட்டால் கூலிக் கணக்கைப் பாருங்கள் என்பேன். இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மறுகரையில், தேர் எல்-மெதினா என்ற சிற்றூரில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். நாணயம் இல்லாத காலம். சம்பளம் தானியமாக வந்தது. தொழிலாளிக்கு மாதம் நாலு சாக்கு கோதுமை, ஒன்றரைச் சாக்கு பார்லி. மேஸ்திரிக்கு ஐந்தரையும் இரண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் சுமக்கவும் துணி வெளுக்கவும் அரசாங்கமே ஆள் வைத்திருந்தது. ஃபாரோ இரண்டாம் ராம்செஸ் காலத்து வருகைப் பதிவு ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவர் வராததற்குக் காரணம் தேள் கொட்டியது; இன்னொருவர் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த விடுப்பும் பதிவாகியிருக்கிறது!

மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியம் வரத் தாமதமானது. அந்த ஊர்த் தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஒரு கோயிலுக்குப் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, ஃபாரோவுக்கு எழுதுங்கள் என்றார்கள். பிறகு தானியம் வந்தது. எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வேலைநிறுத்தம் இது. ஃபாரோவைத் தெய்வம் என்று வணங்கியவர்கள்தான் இவர்கள்.

உழவனுக்கு இந்தச் சலுகையெல்லாம் இல்லை. நிலம் பெரும்பாலும் அரசனுடையது, கோயிலுடையது. அரசு வேலைக்கு ஆள் எடுத்தால் போயே தீர வேண்டும்; ஓடிப்போனால் குடும்பத்தைப் பிடித்து வைத்தார்கள். பிரமிடுகளைக் கட்டியவர்கள் அடிமைகள் என்ற கதையை மட்டும் வகுப்பில் சொல்லாதீர்கள். பிரமிடுகள் நிற்கும் கீசாவில் 1990இல் அந்தத் தொழிலாளர்களின் கல்லறைகளே கிடைத்துவிட்டன. அடிமைகளை யாரும் பிரமிடுக்குப் பக்கத்திலேயே அப்படி அடக்கம் செய்யமாட்டார்கள்.

மேலே ஏற இருந்த நல்ல ஏணி எழுத்து. மகனைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் தகப்பன் ஒவ்வொரு தொழிலையும் இழித்துப் பேசும் பழைய பாடம் ஒன்று உண்டு: கொல்லன் மீன் முட்டையைவிட நாறுவானாம், வண்ணானுக்குப் பக்கத்திலேயே முதலையாம், எழுத்தன் ஒருவனுக்குத்தான் மேலதிகாரி இல்லையாம். எழுதியவன் எழுத்தன், வேறு எப்படி எழுதுவான்? ஆனாலும் முழுப் பொய்யில்லை. நைல் டெல்டா ஊரான அத்ரிபிஸில் பெரிய குடும்பப் பின்னணி இல்லாமல் பிறந்த, ஹாப்புவின் மகன் அமென்ஹோதெப், எழுத்தராகத் தொடங்கி, அதே பெயருடைய ஃபாரோ மூன்றாம் அமென்ஹோதெப்பின் கட்டுமானங்களுக்கே பொறுப்பாளரானார். பிற்காலத்தில் தெய்வமாகவும் வணங்கப்பட்டார். அவரைப் போல ஏறியவர்கள் சிலரே. தகப்பன் வேலை மகனுக்கு என்பதுதான் வழக்கம். தேர் எல்-மெதினாவிலும் அப்படியே.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): அங்கே பெண்கள் எந்தப் படியில் நின்றார்கள்?

பதில்: எழுத்தர் பதவி ஆண்கள் கையில்தான் இருந்தது. ஆனால் சொத்து வைத்துக்கொள்ளவும், வழக்காடவும், உயில் எழுதவும் பெண்ணுக்கு உரிமை இருந்தது. தேர் எல்-மெதினாவில் நவுநக்தே என்ற மூதாட்டி எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். முதுமையில் தன்னைக் கவனிக்காதவர்களுக்குத் தன் பங்கில் எதுவும் கிடையாது என்று சாட்சிகள் முன் எழுதிவைத்தாள். கவனித்த மகன் ஒருவனுக்குத் தனியாக ஒரு வெண்கலப் பாத்திரம். பிள்ளைகளுக்குத் தங்கள் தகப்பன் வழியில் வரும் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் அவளால் தடுக்க முடியவில்லை.