நீதிக்கு நிதி தரும் அறக்கட்டளையின் பின்னால் இருப்பவர்கள் யார்?

கேள்வி: இங்கிலாந்தின் 'அக்சஸ் டு ஜஸ்டிஸ் ஃபவுண்டேஷன்' வக்கீல்கள் நடத்துவதா? பணம் எங்கிருந்து வருகிறது?

வக்கீல்களுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அவர்கள் மட்டும் இல்லை. 2008-இல் தொடங்கிய இந்த அமைப்பு தானே வழக்கு நடத்துவதில்லை. வீடு, கடன், வேலை, அரசு உதவித்தொகை போன்ற சிக்கல்களில் இலவச ஆலோசனை தரும் மையங்களுக்குப் பணம் கொடுக்கிறது. அங்கே உட்கார்ந்து கடிதங்களைப் படித்துச் சொல்லும் ஆலோசகர்கள் பலர் வழக்கறிஞர்களே அல்ல.

பணம் வரும் வழிதான் எனக்குப் பிடித்த பகுதி. பொதுவாகத் தோற்றவர் வென்றவரின் வழக்குச் செலவைக் கட்ட வேண்டும். வென்றவருக்கு வக்கீல் இலவசமாக வாதாடியிருந்தால்? செலவே இல்லையே, தோற்றவர் தப்பித்துவிடுவார்! 2007-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம், பிரிவு 194 இந்த ஓட்டையை அடைத்தது. வக்கீல் கட்டணம் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ, அதையொட்டிய தொகையை இந்த அறக்கட்டளைக்குக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆக, இலவசமாக வாதாடிய வக்கீலும், விருப்பமே இல்லாமல் பணம் கட்டும் தோற்ற தரப்பும்கூட இதன் பின்னால் இருப்பவர்கள்தான்.

அப்புறம் நன்கொடையாளர்கள், அறங்காவலர்கள், விண்ணப்பங்களைப் படித்து யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் ஊழியர்கள். 2013-இல் அரசின் சட்ட உதவி பெரிதாக வெட்டப்பட்டது; அதன் பிறகு இந்தப் பிரிக்கும் வேலை எளிதாக இருந்திருக்காது.