விருப்ப ஓய்வுக்கு எழுதித் தரச் சொல்கிறார்கள்: பக்கவாதம் வந்த அரசு ஓட்டுநர் கையெழுத்துப் போடலாமா?

போட வேண்டாம். "சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்று நீட்டினாலும் வேண்டாம்.

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: கணவர் சென்னையில் ஒரு அரசுத் துறையில் ஜீப் ஓட்டுநர். 2012இல் சேர்ந்தவர், வயது 43. பக்கவாதத்துக்குப் பின் வலது கை சரியாக வரவில்லை. மருத்துவ விடுப்பு முடியப்போகிறது. அலுவலகம் விருப்ப ஓய்வு கேட்கிறது.

கோளாறு அந்த விருப்ப ஓய்விலேயே தொடங்குகிறது. அதற்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் 20 ஆண்டு தகுதியான பணிக்காலம் முடிந்திருக்க வேண்டும். மூன்று மாத நோட்டீஸும் தர வேண்டும். இவருக்கு வயதும் இல்லை, பணிக்காலமும் இல்லை. அப்படியும் எழுதி வாங்கினால் கோப்பில் அது ராஜினாமாவாகவோ மருத்துவ இயலாமை ஓய்வாகவோதான் ஏறும். ராஜினாமா என்றால் இதுவரை பார்த்த பணிக்காலமே கணக்கில் இல்லாமல் போய்விடும். இயலாமை ஓய்வில், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு முடித்தவருக்கு மாதாமாதம் பணம் வரும். 1.4.2003 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அதில் கணக்கு என்பது அவர் கட்டிய 10 சதவீதமும் அரசு போட்ட 10 சதவீதமும் வட்டியுமாகத்தான் இருந்தது. இந்தத் திட்டத்தில் மாற்ற அறிவிப்புகள் வந்துகொண்டிருப்பதால், இன்று நடப்பில் உள்ள அரசாணை எது என்று சம்பளக் கணக்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இயலாமைக்கென்று தனியாக மாதத் தொகை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நோயால் முடங்கிய மாநில அரசு ஊழியருக்கு நம் ஊரில் பெரிய பாதுகாப்பு அவருடைய வேலையேதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4) அதைத்தான் சொல்கிறது. பணிக்காலத்தில் உடல் இயலாமை ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியிறக்கமும் செய்யக் கூடாது. பழைய வேலை பார்க்க முடியவில்லையா, அதே ஊதிய விகிதத்திலும் அதே பணிப் பலன்களோடும் வேறு பணியிடம் தர வேண்டும். அதுவும் காலியாக இல்லையா, அவருக்காகவே சூப்பர்நியூமரரி (வழக்கமான எண்ணிக்கைக்கு மேற்பட்ட) பணியிடம் ஒன்றை உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ வைத்திருக்க வேண்டும்.

"வேலை பார்க்காமல் சம்பளமா?" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒரு கையால் தபால் பதிவேடு எழுதலாம், பதிவறையைப் பார்த்துக்கொள்ளலாம், தொலைபேசி எடுக்கலாம். கேட்பது வேறு வேலை, தர்மம் இல்லை. பழைய 1995 சட்டத்தின் 47ஆம் பிரிவிலும் இதே பாதுகாப்பு இருந்தது. குணால் சிங் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டதாலேயே இந்த உரிமை போய்விடாது என்றது. பகவான் தாஸ் வழக்கு இன்னும் உங்களுக்கு நெருக்கமானது. பஞ்சாப் மின்வாரியத்தில் பார்வை போன லைன்மேன், தன்னை ஓய்வில் அனுப்பி மனைவிக்கு வேலை தரும்படி எழுதிக் கொடுத்தார். சட்டம் தெரியாத மனிதருக்கு அவருடைய உரிமையை அதிகாரிகள்தான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2008இல் தீர்ப்பாயிற்று.

இங்கேயும் "அவர் போனால் பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் வேலை" என்ற ஆசைதான் பல வீடுகளில் கையெழுத்துப் போட வைக்கிறது. அதில் ஊழியரின் வயதுக்கு வரம்பு உண்டு, விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு, அதற்கு மேல் காத்திருப்போர் பட்டியல். கையில் இருக்கும் சம்பளத்தை வைத்து அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

விடுப்பு முடியும் நாளுக்கு முன்பே, மருத்துவச் சான்றோடு நீட்டிப்பு விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அனுமதியின்றிப் பணிக்கு வராதவர் என்று 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு விதிகளில் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு, வரலாம். அது வந்துவிட்டால் பேச்சு நோயை விட்டு ஒழுங்கு நடவடிக்கைக்குத் திரும்பிவிடும். விண்ணப்பத்தைத் தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

அடுத்தது மருத்துவ வாரியம், அதாவது பணிக்குத் தகுதியா என்று பரிசோதித்துச் சான்று தரும் மருத்துவர் குழு. பெரும்பாலான கோப்புகள் வீணாவது இங்கேதான். அலுவலகக் கடிதத்தில் என்ன கேள்வி இருக்கிறதோ அதற்குத்தான் வாரியம் பதில் எழுதும். "ஓட்டுநர் பணிக்குத் தகுதியா?" என்று மட்டும் கேட்டால் "நிரந்தரமாகத் தகுதியற்றவர்" என்று ஒரு வரி வரும், அதை வைத்தே வெளியே அனுப்பும் கோப்பு எழுதிவிடுவார்கள். அதனால், "ஓட்டுநர் பணி இயலாவிட்டால், உட்கார்ந்து செய்யும் எந்த வகைப் பணிக்குத் தகுதியானவர் என்றும் வாரியத்திடம் கேட்க வேண்டும்" என்று உங்கள் மனுவிலேயே எழுதுங்கள். வாரியத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ஃபிலிம், பிசியோதெரபிக் குறிப்புகள் எல்லாம் கையில் இருக்கட்டும். "எவ்விதப் பணிக்கும் முழுமையாகவும் நிரந்தரமாகவும் தகுதியற்றவர்" என்ற வாசகம் சான்றில் ஏறிவிட்டால் மாற்றுப் பணி வாதம் மிகவும் பலவீனமாகும். அப்படி வந்தால் உடனே மேல்முறையீடு செய்து மறுபரிசோதனை கேளுங்கள். இதற்கிடையே யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். உடல்நிலை ஒரு நிலைக்கு வராதவரை தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், பரவாயில்லை. சான்றில் இயலாமை 40 சதவீதம் வந்தால், பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு 75,000 ரூபாய் கழிவும் உண்டு.

மனுவில் பிரிவு 20(4)ஐக் குறிப்பிட்டு, பணியிடத்தின் பெயரையும் ஊதிய நிலையையும் சேர்த்தே கேளுங்கள். ஓட்டுநர் ஊதியம் நிலை 8, அதாவது 19,500 முதல் 71,900. பதிவறை எழுத்தர் நிலை 2, 15,900இல் தொடங்கும். அலுவலக உதவியாளர் நிலை 1, தொடக்கம் 15,700. பெரிய மனது செய்வதுபோல உதவியாளர் இடத்தைக் கொடுத்து ஊதியத்தையும் அந்த நிலையில் நிர்ணயிப்பது அடிக்கடி நடக்கிற தவறு. இடம் எதுவானாலும் நிலை 8 அப்படியே தொடர வேண்டும். ஆணை வரும் வரை காத்திருக்கும் காலத்தைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். பின்னால் நிலுவை கேட்க அதுதான் பிடி.

பக்கவாதத்துக்குப் பொருந்தாது, ஆனாலும் மற்றவர்களுக்காக: பணியில் இருக்கும்போது விபத்து என்றால் சிறப்பு இயலாமை விடுப்பு தனியாக 24 மாதம் வரை உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் பாதிப்பு வெளிப்பட்டிருக்க வேண்டும், தாமதிக்காமல் தெரிவித்திருக்கவும் வேண்டும். மத்திய ஆயுதப்படை வீரர்கள் மேலே சொன்ன 20(4)ஐ நம்ப வேண்டாம். அந்தப் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்துவிட்டது.

சங்கத்தில் சொல்லிப் பார்த்தோம், பலனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அகவிலைப்படி இரண்டு சதவீதம் ஏறினால் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறார்கள், நன்றி அறிவிப்புக் கூட்டம் போடுகிறார்கள். வருடக்கணக்கில் சந்தா கட்டியவர் படுத்துவிட்டால் ஒரு மனு எழுதித் தர ஆளில்லை. இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், படட்டும்.

மனு கொடுத்தும் அசையவில்லை என்றால், ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் அதே 2016 சட்டத்தின் பிரிவு 23இன்படி குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகாரைப் பதிந்து இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அலுவலகம் காமராஜர் சாலை, லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில். அங்கும் நகராவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே போகும்போது முத்திரை விழுந்த மாற்றுப் பணி மனுவின் நகல் கையில் இல்லையென்றால், "முதலில் துறைக்கு மனு கொடுங்கள், அவர்கள் பரிசீலிக்கட்டும்" என்று உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும்.